ஒப்பந்தம் தவறினால் சாமானியருக்கு உள்ள வழிகள்

முற்காலத்துக் கிராமங்களில் வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் முகமறிந்தவர்களாக இருந்தனர். செக்காடுபவர் கொடுத்த எண்ணெயில் கலப்பிருந்தால் மறுநாட் காலையில் அவர் வாசலிலேயே நின்று கேட்கலாம். தச்சர் செய்த கலப்பை ஒரு போகத்துக்குள் முறிந்தால் அவரே வந்து சரிசெய்து கொடுப்பார். ஊராரின் நல்லெண்ணத்தை இழந்து அவர் ஊரில் பிழைக்க இயலாதாகையால், எழுதப்படாத அந்த உடன்படிக்கைக்கு ஊரே ஜாமீனாக நின்றது.

தாம்பரம், பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், சேலையூர், மாடம்பாக்கம் முதலிய இடங்களும் ஒரு காலத்தில் ஏரிகளைச் சுற்றி அமைந்த ஊர்களே. 1931-ஆம் வருஷத்தில் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல் இப்பகுதி படிப்படியாக நகரமாயிற்று. 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்று சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆயின. இன்று இங்கே குடியிருப்பவர் தம் வீட்டையும், குளிர்சாதனப் பெட்டியையும், காப்புறுதியையும், பிள்ளைகளின் பயிற்சி வகுப்பையும் முன்பின் அறியாதவர்களிடமிருந்தே வாங்குகின்றார். விற்கும் கம்பெனியின் தலைமை அலுவலகம் வேறொரு மாகாணத்தில் இருக்கலாம். ஒப்பந்தமோ பொடி எழுத்தில் முன்னதாகவே அச்சிடப்பட்டிருக்கும்.

இந்நிலையில் வாக்குத் தவறினால் ஜனங்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளுள் ஒன்றைச் செய்கின்றனர். ஒரு சாரார், "கோர்ட்டுக்குப் போனால் பசுவை மீட்க எருமையை விற்க வேண்டும்" என்று எண்ணி வாளாவிருந்து விடுகின்றனர். மற்றொரு சாரார் ஆத்திரத்தினால் போலீஸ் ஸ்டேஷனுக்கும், தெரிந்த பிரமுகரிடத்துக்கும், கடை வாசலுக்குமாக அலைந்து காலத்தைப் போக்குகின்றனர். இவ்விரு சாராருக்கும் வந்து சேரும் நஷ்டம் ஒன்றேயாகும்: சட்டம் குறித்த கெடு கடந்து போகிறது. உரிமை இல்லாமல் இழப்பவரைக் காட்டிலும், உரிமை இருந்தும் சீட்டு இல்லாமலும் தேதி தவறியும் இழப்பவரே இந்நாளில் அதிகம் எனலாம்.

பழைய சட்டங்களும் புதிய சட்டமும்

ஒப்பந்தம் பற்றிய மூலச் சட்டம் 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டமாகும். இருவர் மனமொப்பி, நியாயமான ஒரு காரியத்துக்காக, ஒரு பிரதிபலனை முன்னிட்டுச் செய்துகொள்ளும் உடன்படிக்கை, வாய் வார்த்தையாக இருப்பினும் பொதுவாகச் செல்லும் என்பது அதன் கொள்கை. வாக்குத் தவறியவர் அதனால் இயல்பாக விளைந்த நஷ்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்று அதன் 73-ஆவது பிரிவு கூறுகின்றது. 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் பின்னும் ஒரு படி சென்றது. வாங்குபவர் தம் தேவை இன்னதென்று தெரிவித்து, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்குவாராயின், சரக்கு அத்தேவைக்குத் தகுதியுள்ளதாக இருக்க வேண்டும் என்பது, சீட்டில் எழுதப்படாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கிய ஷரத்தாகும்.

சிறு தொகை வழக்குகளுக்கென்று 1887-ஆம் வருஷத்து மாகாணச் சிறு வழக்குக் கோர்ட்டுச் சட்டமும், கிராம முன்சீபு விசாரிப்பதற்கென்று 1888-ஆம் வருஷத்துச் சென்னைக் கிராமக் கோர்ட்டுச் சட்டமும் ஏற்பட்டன. எளியவர் தம் ஊருக்கு அண்மையிலேயே, குறைந்த செலவில், விரைவில் நியாயம் பெறவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஆயினும் சாதாரண சிவில் வழக்கில் முத்திரைக் கட்டணமும், வக்கீல் கூலியும், வருஷக்கணக்கான காத்திருப்பும் நீங்கவில்லை. பத்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்காக எவரும் அந்தப் பாதையில் நடக்க விரும்பார்.

உலகெங்கும் இக்குறை உணரப்பட்டது. 1962-ஆம் வருஷம் மார்ச்சு 15-ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கென்னடி, நுகர்வோருக்குப் பத்திரம், தகவல், தெரிவு, முறையீடு ஆகிய நான்கு உரிமைகள் உண்டென்று தம் நாட்டுச் சட்டசபைக்குச் செய்தி அனுப்பினார். 1985-இல் ஐக்கிய நாடுகள் சபை இதுபற்றி வழிகாட்டும் விதிகளை ஏற்றது. அடுத்த வருஷமே, 1986 டிசம்பர் 24-ஆம் தேதி, இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2019-ஆம் வருஷத்துச் சட்டம் 2020 ஜூலை முதல் அமலில் இருந்து வருகின்றது.

நுகர்வோர் என்பவர் யார்?

விலை கொடுத்துப் பொருள் வாங்குபவரும், கட்டணம் கொடுத்து ஊழியம் பெறுபவரும் நுகர்வோர் ஆவர். முழு விலையும் கொடுத்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பகுதி கொடுத்து மறுபகுதியைத் தவணையில் செலுத்த ஒப்புக்கொண்டவரும் நுகர்வோரே. வாங்கினவரின் சம்மதத்தோடு பொருளை உபயோகிக்கும் வீட்டாரும் அவ்வாறே. ஆனால், மறுபடி விற்பதற்காகவோ வியாபார நோக்கத்துக்காகவோ வாங்குபவர் இச்சட்டத்தில் அடங்கார். இலவசமாகப் பெற்ற ஊழியமும் இதில் அடங்காது.

வியாபார நோக்கம் என்னும் சொல்லில் அநேகர் இடறுகின்றனர். உதாரணமாக, பெருங்களத்தூரில் தையல் தொழில் செய்து குடும்பத்தைக் காப்பாற்றும் பெண்மணி ஒருவர், 38,000 ரூபாய் கொடுத்து மின்சாரத் தையல் இயந்திரம் ஒன்று வாங்கினார் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்தில் அதன் மோட்டார் பழுதாகிறது; கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுகிறார்; கம்பெனியார் கடைக்காரரைக் கைகாட்டுகின்றனர். "நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், ஆகையால் நுகர்வோர் அல்லீர்" என்றும் சிலர் அவரை மிரட்டக் கூடும். அது சரியன்று. தம் சொந்த உழைப்பினால் ஜீவனம் செய்வதற்கென்றே வாங்கிய பொருள் வியாபார நோக்கத்தில் சேராது என்று சட்டமே விளக்கம் தருகின்றது.

கோயம்புத்தூரைச் சேர்ந்த பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டுக்கும் லக்ஷ்மி என்ஜினீயரிங் ஒர்க்ஸுக்கும் நடந்த வழக்கில், 1995-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தைத் தெளிவாக்கிற்று. ஆட்டோ ரிக்ஷா வாங்கித் தாமே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர். வாங்கிப் பிறரைக் கொண்டே ஓட்டுவிப்பவர் நுகர்வோர் அல்லர். ஓரிருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தாமும் உழைப்பவர் தம் உரிமையை இழப்பதில்லை. ஆகவே, மேற்கூறிய தையற்காரப் பெண்மணி தம் மனுவில், "இவ்வியந்திரத்தை என் ஜீவனத்துக்காக நானே இயக்கி வருகிறேன்" என்னும் வாக்கியத்தை எழுத மறக்கலாகாது. அந்த ஒரு வாக்கியம் இல்லாமையால் மனு தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு.

ஊழியம் என்பதும் விரிந்த பொருளுடையது. வீட்டு வசதி அதிகார சபைகள் வீடு கட்டித் தருவதும் இதில் அடங்கும் என்று 1993-இல், லக்னோ அபிவிருத்தி அதிகார சபை வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியமும் அடங்கும் என்பது 1995-ஆம் வருஷத்து இந்திய வைத்தியச் சங்க வழக்கின் முடிவு. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையைப் பாதியில் விட்டுச் செல்லும் கட்டிட மேஸ்திரியும் ஊழியம் புரிபவரே. வக்கீலின் தொழில் மட்டும் இச்சட்டத்தில் வாராது என்று 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் தீர்ப்பாயிற்று.

முதற் காரியம் சீட்டு

பில் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வியாபார முறை என்று சட்டம் கூறுகின்றது. ஆகவே பில் கேட்பது சண்டை பிடிப்பதாகாது. அது வாங்குபவரின் உரிமை. "விற்ற சாமான் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பல கடைச் சீட்டுகளில் அச்சிட்டிருப்பதைக் கண்டு ஜனங்கள் ஏமாறுகின்றனர். குறையுள்ள பொருளைப் பொறுத்தமட்டில் அவ்வாசகம் செல்லாது. சீட்டில் குறித்த கெடுவுக்குள்ளும், கெடு குறிக்கப்படாவிடின் 30 நாட்களுக்குள்ளும் குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தராமலிருப்பதும் நேர்மையற்ற முறையே. வாங்கியபின் நிறம் பிடிக்கவில்லை என்பதற்கோ வேறு கடையில் விலை குறைவு என்பதற்கோ இவ்விதி உதவாது.

பில், உத்தரவாதச் சீட்டு, பணம் செலுத்தின விவரம், விளம்பரத் துண்டு, பழுது பார்த்த வேலைச் சீட்டு, கைபேசியில் வந்த செய்திகளின் பிரதி ஆகிய யாவும் சாட்சிகளே. கடையில் வெப்பத்தால் அச்சிடப்படும் பில்லின் எழுத்துச் சில மாதங்களில் மங்கிவிடும். வாங்கிய அன்றே அதற்குப் பிரதி எடுத்து வைப்பது நலம்.

குறை கண்டவுடன் செய்யவேண்டுவது ஒரு கடிதம். பொருள், வாங்கிய தேதி, விலை, குறை, கோரும் பரிகாரம், பதில் தரவேண்டிய கெடு ஆகிய ஆறும் அதில் அடங்க வேண்டும். பதினைந்து நாள் கெடு கொடுப்பது பெரும்பாலும் போதுமானது. கடைக்கும் தயாரித்த கம்பெனிக்கும் தனித்தனியே ஒப்புகை பெறும் வகையில் விரைவுத் தபாலிலோ, மின்னஞ்சலிலோ அனுப்பலாம். இக்கடிதத்தை வக்கீல்தான் எழுதவேண்டும் என்பதில்லை. இணையத்தின் மூலம் வியாபாரம் செய்யும் கம்பெனிகள், 2020-ஆம் வருஷத்து விதிகளின்படி குறைகேட்கும் அதிகாரி ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் முறையீட்டை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு செய்யவேண்டும்.

இதற்கும் பலனில்லையாயின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவித் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி முறையிடலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர் அல்லர். கம்பெனிக்கு எடுத்துரைத்துச் சமரசம் செய்விப்பவர். ஆனால் இவ்வுதவியை நாடிக் காத்திருக்கும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படா என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

எந்த ஆணையத்துக்குச் செல்வது?

2019-ஆம் வருஷத்துச் சட்டத்தினால் சாமானியருக்குக் கிடைத்த பெரிய நன்மை யாதெனில், வாங்கியவர் தாம் குடியிருக்கும் இடத்திலோ தாம் வேலை செய்யும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே மனுச் செய்யலாம் என்பதாகும். முன்னர் எதிர்க்கட்சியார் வியாபாரம் செய்யும் இடத்தையோ, வழக்கு விளைந்த இடத்தையோ தேட வேண்டியிருந்தது. இப்போது பம்பாயிலுள்ள கம்பெனியும் வாங்கினவரின் ஊருக்கு வந்தே பதில் சொல்ல வேண்டும்.

செங்கற்பட்டு ஜில்லா 2019-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் காஞ்சீபுரம் ஜில்லாவினின்றும் பிரிக்கப்பட்டது. தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் தாலுகாக்கள் அதிலடங்கும். ஆகவே இவ்விடத்தார் செல்லவேண்டியது செங்கற்பட்டு நகரில் கூடும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்காகும். தாம்பரத்திலிருந்து அது ரயில் மார்க்கமாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆலந்தூர், சோழிங்கநல்லூர் தாலுகாக்கள் 2018 முதல் சென்னை ஜில்லாவைச் சேர்ந்தவை. அங்குள்ளோரும் எல்லை ஓரங்களில் வசிப்போரும் மனுத் தயாரிக்குமுன் தம் தெரு எந்த ஆணையத்தின் எல்லைக்குட்பட்டது என்று அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நன்று.

கொடுத்த விலை 50 லக்ஷம் ரூபாய் வரையிலான வழக்குகள் ஜில்லா ஆணையத்துக்கும், அதற்கு மேல் 2 கோடி ரூபாய் வரையிலானவை சென்னையிலுள்ள மாநில ஆணையத்துக்கும், அதற்கும் மேற்பட்டவை டெல்லியிலுள்ள தேசிய ஆணையத்துக்கும் உரியன. இவ்வரம்புகள் 2021-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நிர்ணயிக்கப்பட்டவை. ஒப்பந்தத்தின் ஷரத்துக்களே அநியாயமானவை, அவை செல்லாவென்று அறிவிக்க வேண்டும் என்று கேட்கும் மனு, தொகை சிறிதாயினும் மாநில ஆணையத்துக்கே செல்லவேண்டும். அளவுக்கு மீறிய ஜாமீன் கேட்பதும், கடனை முன்னதாக அடைக்க வந்தவரிடம் வாங்க மறுப்பதும், தகுந்த காரணமின்றி ஒருதலையாக ஒப்பந்தத்தை முறிக்கும் அதிகாரத்தை வைத்துக்கொள்வதும் அநியாய ஷரத்துக்களுக்கு உதாரணங்களாம்.

கட்டணம் மிகச் சொற்பம். விலை 5 லக்ஷம் ரூபாய் வரையில் கட்டணமே இல்லை. அதற்கு மேல் 10 லக்ஷம் வரை 200 ரூபாயும், 20 லக்ஷம் வரை 400 ரூபாயும், 50 லக்ஷம் வரை 1,000 ரூபாயும் செலுத்தவேண்டும். ஆகவே மேற்சொன்ன தையற்காரப் பெண்மணி கட்டணமாக ஒரு காசும் செலுத்த வேண்டுவதில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியமானது கெடு. வழக்குக்குக் காரணம் ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனுச் செய்துவிட வேண்டும். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரமுண்டு. ஆயினும் "கடைக்காரர் இன்று நாளை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்" என்பது எப்போதும் தக்க காரணமாக ஏற்கப்படும் என்று நம்பியிருக்கலாகாது.

மனுவும் விசாரணையும்

மனுவில் முறையிடுபவர், எதிர்க்கட்சியார் ஆகியோரின் பெயர், விலாசம். நடந்த விவரம் தேதி வரிசையாக. கோரும் பரிகாரம் ஆகியவற்றை எழுதி, சாட்சிக் காகிதங்களின் பிரதிகளையும் பிரமாணப் பத்திரத்தையும் சேர்க்கவேண்டும். தாமே எழுதித் தாமே வாதாடலாம், வக்கீல் கட்டாயமன்று. 2025 ஜனவரி முதல் இ-ஜாக்ரிதி என்னும் சர்க்கார் இணையத்தளத்தின் வழியாகவும் மனுக்களைச் செலுத்தலாம். காணொலி மூலம் ஆஜராகவும் வேண்டிக்கொள்ளலாம். ஒருநாட் கூலியை இழந்து செங்கற்பட்டுக்குச் சென்றுவர இயலாதவர்க்கு இது பெரிய உதவியாகும்.

மனுவை ஏற்பதா என்பதைச் சாதாரணமாக 21 நாட்களுக்குள் தீர்மானிக்கவேண்டும். எதிர்க்கட்சியார் 30 நாட்களில் பதில் தரவேண்டும். மேலும் 15 நாள் வரை அவகாசம் தரலாம். 45 நாட்களுக்கு மேல் அவகாசம் தர ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. மூன்று மாதத்தில், பொருளைச் சோதனைச்சாலைக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், வழக்கை முடிக்க முயலவேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல வழக்குகள் இக்காலத்தைக் கடந்து நீள்கின்றன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இரு கட்சியாரும் இணங்கினால், ஆணையத்தோடு சேர்ந்த சமரசப் பிரிவில் விரைவாகத் தீர்த்துக்கொள்ளலாம்.

குறையை நீக்குதல், வேறு பொருள் தருதல், விலையை வட்டியுடன் திருப்புதல், நஷ்டஈடு, வழக்குச் செலவு ஆகிய பரிகாரங்களை ஆணையம் உத்தரவிடலாம். நஷ்டத்தைக் கேட்பவர் அதற்கும் கணக்கு வைத்திருக்கவேண்டும். அப்பெண்மணி இயந்திரம் நின்ற நாட்களில் திருப்பி அனுப்பிய துணிகளின் விவரத்தை ஒரு நோட்டில் குறித்திருந்தால், அது வெறும் வாய்ச் சொல்லைக் காட்டிலும் பலமுள்ள சாட்சியாகும்.

உத்தரவில் திருப்தியில்லாதவர் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் அப்பீல் செய்யலாம். பணம் செலுத்தும்படி உத்தரவு பெற்றவர் அப்பீல் செய்வாராயின், அதில் பாதியை முன்னதாகக் கட்டவேண்டும். உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைவாசமோ, 25,000 ரூபாய் முதல் ஒரு லக்ஷம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வீடும் மனையும்

தென் சென்னைப் புறநகரில் ஒரு குடும்பத்தின் ஆயுட்காலச் சேமிப்பு முழுவதும் பெரும்பாலும் அடுக்குமாடி வீடொன்றிலோ மனையிலோ முடங்குகின்றது. இதற்கென 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் தனியே உள்ளது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேற்பட்டதாகவோ அமையும் திட்டத்தைத் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை அதிகார சபையில் பதிவு செய்யாமல் விளம்பரமும் செய்யலாகாது. பதிவு செய்த விற்பனை உடன்படிக்கை இல்லாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வாங்கியவர்களிடம் பெற்ற பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, அந்தத் திட்டத்துக்கே செலவிட வேண்டும். சொன்ன காலத்தில் வீட்டை ஒப்படைக்காவிடில், வாங்கியவர் விலகிப் பணத்தை வட்டியுடன் பெறலாம். விலக விரும்பாதவர் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி பெறலாம். ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானத்தில் குறை தோன்றினால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும்.

இவ்வதிகார சபைக்குச் செல்வதா, நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம் என்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. கட்டியவர் எழுதிய ஒருதலையான ஒப்பந்தம் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்பது 2019-ஆம் வருஷத்துத் தீர்ப்பு. மத்தியஸ்தர் மூலமே தீர்க்க வேண்டுமென்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதும் நுகர்வோர் வழக்குக்குத் தடையாகாது என்று 2018-இல் முடிவாயிற்று.

இங்கு ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். சாலை, வடிகால் முதலிய வசதிகளைச் செய்து தருவதாகக் கூறி மனைப்பிரிவு விற்பது ஊழியமாகும். உள்ளது உள்ளபடி வெறும் நிலத்தை ஒருவர் மற்றொருவருக்குக் கிரயம் செய்வது ஊழியமாகாது. அதில் தகராறு வந்தால் சிவில் கோர்ட்டே கதி. 2015-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்து வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் முதலிய இடங்கள் நீரில் மூழ்கியதை யாவரும் அறிவர். ஏரியும் ஓடையும் இருந்த இடம் எதுவென்று வருவாய்க் கணக்கிலும், வில்லங்கச் சான்றிலும், மனை அனுமதிப் பத்திரத்திலும் பார்த்து வாங்குவதே, பின்னர் எந்தக் கோர்ட்டும் தரமுடியாத காப்பாகும்.

வாடகையும் முன்பணமும்

வீட்டைக் காலி செய்யும்போது முன்பணம் திரும்பவில்லை என்னும் முறையீடு இப்பகுதியில் சாதாரணம். 2019 பிப்ரவரி முதல் அமலிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்து மூலமாக இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். குடியிருப்பு வீட்டுக்குச் சாதாரணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. பதிவில்லாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பின்னர் உரிமை கோருவது கஷ்டமாகையால், குடிபோகுமுன்னரே பதிவை வற்புறுத்துவது இரு தரப்பாருக்கும் நலம்.

வேறு வழிகள்

பாங்கியின் மேல் குறையிருந்தால் முதலில் பாங்கிக்கே எழுதி, 30 நாட்களில் தக்க பதில் வராவிடில் ரிஸர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி முறையிடலாம். மின்சாரப் பில் தகராறுக்கு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதன்மேல் மின் குறைதீர்ப்பாளரும் உளர். எடைக் குறைவுக்கும், பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவதற்கும் தொழிலாளர் இலாகாவின் எடையளவு அதிகாரிகளிடம் தெரிவிக்கலாம்.

தபால், போக்குவரத்து, தொலைபேசி, மின்சாரம், குடிநீர், ஆஸ்பத்திரி, காப்புறுதி ஆகிய பொது உபயோக ஊழியங்கள் பற்றிய தகராறுகளை, அமைக்கப்பட்டுள்ள இடங்களில், நிரந்தர லோக் அதாலத்துக்குக் கொண்டு செல்லலாம். கோர்ட்டில் நிலுவையிலுள்ள வழக்கு லோக் அதாலத்தில் ராஜியானால் செலுத்திய முத்திரைக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்த முடிவின் மேல் அப்பீல் இல்லை. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர் முதலியோருக்கு வருமானம் எதுவாயினும் சட்ட உதவி இலவசமாகும். மற்றையோருக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்னும் எண்ணிலோ, ஜில்லா, தாலுகா சட்டப் பணிக் குழுக்களிலோ கேட்கலாம்.

இருவர்க்கிடையேயான கடன், கைமாற்று, பங்கு முதலிய தகராறுகள் சிவில் கோர்ட்டுக்குரியவை. சாதாரணமாக மூன்று வருஷம் கெடு. கடன் வாங்குவோர் நிரப்பப்படாத புரோநோட்டில் கையெழுத்திடலாகாது. அவ்வாறு முத்திரையிட்டுக் கையெழுத்துடன் கொடுத்த தாளைப் பூர்த்தி செய்துகொள்ளும் அதிகாரத்தைச் சட்டம் பெற்றவருக்கே தருகின்றது.

போலீஸார் கடன் வசூலிப்பவர் அல்லர். வாக்குத் தவறியது மட்டுமே மோசடிக் குற்றமாகாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்டினால்தான் 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதீய நியாய சன்ஹிதையின் 318-ஆவது பிரிவு பொருந்தும். தீபாவளிச் சீட்டு, அதிக வட்டி டிபாசிட்டு முதலியவற்றில் பலருடைய பணத்தை வாங்கித் திருப்பித் தராத நிறுவனங்களுக்கு மட்டும் 1997-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. பொருளாதாரக் குற்றப் பிரிவு அவற்றை விசாரிக்கின்றது. நிறுவனத்தின் சொத்துக்களை ஜப்தி செய்யவும் அச்சட்டம் இடந்தருகின்றது. இவ்விஷயத்தில் தாமதமின்றிப் புகார் செய்தல் அவசியம். சொத்து கைமாறிய பின்னர் மீட்பது அரிது.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு வீட்டிலும் பில்களுக்கும் உத்தரவாதச் சீட்டுகளுக்கும் ஒரு பெட்டியும், வாங்கிய தேதியையும் குறை கண்ட தேதியையும் எழுத ஒரு நோட்டும் இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிக்கச் செய்து கேட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்; கையெழுத்திட்டதன் பிரதியை அன்றே கேட்டு வாங்க வேண்டும். குடியிருப்போர் நலச் சங்கங்களும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் தம் கூட்டங்களில் ஒரு மாதிரிக் கடிதத்தையும் மாதிரி மனுவையும் வைத்திருந்து, எழுதத் தெரியாதவர்க்கு எழுதிக் கொடுக்கலாம். பலருக்கு ஒரே குறை ஏற்பட்டிருப்பின், ஆணையத்தின் அனுமதி பெற்று எல்லோருக்குமாகச் சிலர் ஒரே மனுச் செய்யவும் சட்டம் இடந்தருகின்றது.

சட்டம் வாங்குபவரின் ஊருக்கே ஆணையத்தைக் கொண்டுவந்து, சிறு தொகைக்குக் கட்டணத்தையும் நீக்கிவிட்டது. பில்லைப் பத்திரப்படுத்துவதும், குறை கண்ட வாரத்திலேயே கடிதம் எழுதுவதும், இரண்டு வருஷக் கெடுவை நோட்டில் குறித்து வைப்பதும் வாங்குபவர் செய்யவேண்டியவை. இவற்றைச் செய்திருப்பவர், 38,000 ரூபாய் இயந்திரத்துக்காகச் செங்கற்பட்டுக்குச் செல்ல நேர்ந்தாலும் அஞ்ச வேண்டுவதில்லை.